சீனியைப் பார்க்கிறோம், இரும்பைப் பார்க்கிறோமா?

மிச்சத்தில் சனிக்கிழமை காலையில் லண்டன் றோட்டால் நடந்தால், மீன் கடை வாசலிலோ மரக்கறிக் கடை வாசலிலோ தெரிந்த முகம் ஒன்று கட்டாயம் எதிர்ப்படும். "எப்பிடிச் சுகம்?" என்ற கேள்விக்குப் பிறகு முந்தியெல்லாம் "பிள்ளையள் என்ன செய்யினம்?" என்று கேட்பார்கள். இப்போது அது "சீனி எத்தினையில நிக்குது?" என்று மாறிவிட்டது. ஐம்பது தாண்டிய எங்கள் ஆட்களுக்கு அந்த நம்பர் வீட்டு விலாசம் மாதிரி மனப்பாடம். 44, 51, 63 என்று சொல்வார்கள். ஊரில் இருந்து வந்து நிற்கிற மாமிமார் 6.5, 7.2 என்று பழைய கணக்கில் சொல்வார்கள். இரண்டும் ஒரே பரிசோதனைதான். இங்கே 48 என்பது அங்கே 6.5.

ஆனால் "உங்கட ரத்தத்தில இரும்பு எத்தினை?" என்று ஒருவர் இன்னொருவரிடம் விசாரித்து நான் கண்டதில்லை. சீனி நம்பரைச் சரியாக வாசிக்க வேண்டுமானால் இரும்பு நம்பரும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது எங்களில் அநேகம் பேருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருக்க வேண்டிய நானே என் குடும்பத்தில் இரண்டு தடவை கோட்டை விட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் டொக்டர் இல்லை. இந்த நாட்டுக்கு வந்து முதல் நாலு வருஷம் பெற்றோல் ஸ்டேஷனில் நின்றேன். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர். ஜீ.பி. சேர்ஜரிகளில் இருந்து பெட்டி பெட்டியாக வரும் குழாய்களைப் பிரித்து, பதிந்து, மெஷினில் ஏற்றுவது வேலை. எச்.பி.ஏ.1.சி. என்கிற மூன்று மாதச் சீனிப் பரிசோதனைக்கு ஊதா மூடிக் குழாய். ஹீமோகுளோபின் எவ்வளவு, சிவப்பணுக்கள் என்ன பருமன் என்று பார்க்கிற முழு ரத்தக் கணக்குக்கும் அதே ஊதா மூடிக் குழாய்தான். ஒரே கையில் ஒரே ஊசியால் எடுத்த ரத்தம், ஆனால் போவது வேறு வேறு மெஷினுக்கு. ரிசல்ட்டும் வேறு வேறு வரியாகத்தான் திரும்பும். அந்த இரண்டு வரியையும் சேர்த்து யாராவது வாசிக்கிறார்களா என்று நான் அந்த இருபது வருஷத்தில் ஒருநாளும் யோசித்ததில்லை.

2016இல் என் மனைவிக்கு 46 வயது. வழமையான பரிசோதனையில் சீனி 44 என்று வந்தது. இங்கே 42 முதல் 47 வரை வந்தால் நீரிழிவுக்கு முந்திய நிலை. 48இல் இருந்து நீரிழிவு. கடிதம் வந்த அன்றிரவே நான் வீட்டு டொக்டர் ஆகிவிட்டேன். "இனி நீர் சோறு ஒரு கரண்டிதான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சியும் வேண்டாம், கொழுப்பு" என்றேன். காலையில் ஓட்ஸ், பின்னேரம் பிஸ்கற் இல்லை. சாப்பிட்ட உடனே சீனி போடாத தேத்தண்ணி. மனைவி மறுப்புச் சொல்லவில்லை. "ஓமப்பா, நீங்கள் சொல்லுறபடி செய்யிறன்" என்றார்.

ஆறு மாதத்தில் அவர் மெலிந்துபோனார். தலைமயிர் கொட்டியது. ரூட்டிங் புறோட்வே ஸ்டேஷன் படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். சீனி மட்டும் குறையவில்லை, 45. "நீர் எனக்குத் தெரியாமல் எதையோ சாப்பிடுறீர்" என்று நான் சந்தேகப்பட்டேன். அது உண்மைதான், அவர் களவாகச் சாப்பிட்டார். ஆனால் சாப்பிட்டது கேக்கோ சொக்கலேற்றோ இல்லை, பச்சை அரிசி. அரிசி வாளிக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து மென்றுகொண்டு நிற்பதை யூனிவெர்சிட்டி லீவில் வந்த மகள் கண்டாள். "அப்பா, அம்மா ஏன் அரிசி சாப்பிடுறா? இது இரும்புக் குறைவோ என்று பாக்க வேணும்" என்றாள். அரிசி, ஐஸ்கட்டி, மண் என்று சாப்பாடு இல்லாததில் ஆசை வருவது இரும்புக் குறைவின் அடையாளங்களில் ஒன்று. வாழ்நாள் பூராக ரத்தக் குழாய் ஏற்றிய எனக்கு அது தெரியவில்லை. இருபது வயதுப் பிள்ளை இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தாள்.

பரிசோதனை செய்தார்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 120க்குக் கீழே போனால் ரத்தசோகை, மனைவிக்கு 96. உடம்பில் இரும்புக் கையிருப்பு எவ்வளவு என்று காட்டுவது ஃபெரிட்டின். அது 30க்குக் கீழே என்றால் இரும்புக் குறைவு, அவருக்கு 6. விடிய வெறும் வயிற்றில் பார்த்த ரத்தச் சீனி 5.1. அது முற்றிலும் சாதாரணம். காரணம் கர்ப்பப்பையில் நார்க்கட்டி. மாதா மாதம் எவ்வளவு ரத்தம் போகிறது என்று மனைவி எவரிடமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதைக் கேட்கிற பழக்கமும் இருக்கவில்லை. சீனி எத்தினை என்று சந்தியில் நின்று கேட்கிற நாங்கள், வீட்டுக்குள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

கட்டிக்கு வைத்தியம் நடந்தது. இரும்புக் குளிசை கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சியும் திரும்பி வந்தது. நாலு மாதம் கழித்துப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 124, சீனி 40. அவர் சாப்பாட்டைக் குறைத்து வந்த 40 இல்லை அது, கூட்டிச் சாப்பிட்டு வந்தது.

இது என்ன விந்தை என்று நினைப்பீர்கள். விஷயம் லேசானது. ரத்தத்தில் ஓடுகிற சீனி சிவப்பணுவுக்குள் இருக்கிற ஹீமோகுளோபினில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டும். ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். எத்தனை பங்கு ஹீமோகுளோபினில் சீனி ஒட்டியிருக்கிறது என்று அளப்பதுதான் எச்.பி.ஏ.1.சி. அதனால்தான் அதை மூன்று மாதக் கணக்கு என்கிறோம். விறாந்தையில் கிடக்கும் கதிரையை நினைத்துப் பாருங்கள். எவ்வளவு தூசி படிந்திருக்கிறது என்று பார்த்து அந்த இடத்தில் எவ்வளவு தூசி பறக்கிறது என்று சொல்லலாம். ஆனால் ஒரு நிபந்தனை: கதிரை எத்தனை நாளாக அங்கே கிடக்கிறது என்பதும் தெரிய வேண்டும். கனநாள் கிடந்த கதிரையில் கூடத் தூசி இருக்கும். அதற்காகத் தூசி கூடப் பறக்கிறது என்று அர்த்தம் இல்லை.

இரும்பு குறைந்த உடம்பு புதுச் சிவப்பணுக்களைப் போதிய அளவு செய்யாது. ஓடிக்கொண்டிருப்பவற்றில் பழையவை கூட. பழையவற்றில் ஒட்டிய சீனியும் கூட. ஆகவே உண்மையான சீனி ஏறாமலே நம்பர் கொஞ்சம் ஏறிக் காட்டலாம். இரும்பு கொடுத்தவுடன் புதுச் சிவப்பணுக்கள் வெள்ளமாக வரும், நம்பர் இறங்கும். இதற்கு இதைவிட வேறு காரணங்களும் ஆராயப்படுகின்றன. ஆனால் இரும்புக் குறைவு இந்த நம்பரைக் கூட்டிக் காட்டக்கூடியது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. மற்றப் பக்கமும் உண்டு. திடீரென்று ரத்தம் போனவர்கள், ரத்தம் ஏற்றியவர்கள், சிவப்பணு கெதியாக உடைகிற வருத்தம் உள்ளவர்கள் ஆகியோருக்கு நம்பர் குறைத்துக் காட்டும். உண்மையில் சீனி கூடியவருக்கு "நல்லாய் இருக்கு" என்று பதில் வரும். 2011இல் உலக சுகாதார நிறுவனம் இந்தப் பரிசோதனையை நீரிழிவைக் கண்டுபிடிக்கப் பாவிக்கலாம் என்று அங்கீகரித்தபோதே, அளவைக் குழப்பக்கூடிய வேறு நிலைமைகள் இல்லாதவர்களுக்கு மட்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் அங்கீகரித்தது. கர்ப்பிணிகளுக்கு வருகிற சீனியைக் கண்டுபிடிக்க இந்த நாட்டில் இதைப் பாவிக்காமல் குளுக்கோஸ் தண்ணி குடிக்கக் கொடுத்துப் பார்ப்பதற்கும் இது ஒரு காரணம்.

இதை வாசித்துவிட்டு ஒரு கூட்டம் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். "பாத்தியே, எனக்குச் சீனியே இல்லை, இரும்புதான் குறைவு" என்று குளிசையை எறிவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். இரும்புக் குறைவால் வருகிற கூடுதல் சிறியது. எல்லைக்கோட்டில் 42, 45, 49 என்று நிற்பவர்களுக்குத்தான் அது பெரிய விஷயம். 65, 80 என்று நிற்பவரின் நம்பருக்கு இரும்பு விளக்கம் ஆகாது. சந்தேகம் என்றால் அதைத் தீர்க்க வழி இருக்கிறது: வெறும் வயிற்றில் ரத்தச் சீனி பார்ப்பது. அதில் 7.0, ஊர்க் கணக்கில் 126, அல்லது அதற்கு மேல் என்றால் அது நீரிழிவுப் பக்கம். இரும்பு அந்தப் பரிசோதனையைக் குழப்பாது. குளிசையை நிறுத்துவதோ குறைப்பதோ டொக்டரோடு கதைத்து முடிவெடுக்கிற காரியம். அதைக் கட்டுரை படித்துச் செய்யக் கூடாது.

இது ஏன் குறிப்பாக எங்கள் சனத்தின் பிரச்சினை? இரண்டு வருத்தமும் எங்கள் வீடுகளில் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதால்தான். 2018, 2019இல் இலங்கையில் நடந்த தேசிய அளவிலான சுகாதார ஆய்வு வளர்ந்தவர்களில் 23 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று கண்டது. நாலு பேருக்கு ஏறக்குறைய ஒருவர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில் தமிழ்நாட்டின் கணக்கு 14.4 சதவீதம். அதே தமிழ்நாட்டில் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எல்லா ரத்தசோகையும் இரும்பால் வருவதில்லை. ஆனால் பெரும் பங்கு அதுதான். இந்த உடம்போடும் இந்தச் சாப்பாட்டுப் பழக்கத்தோடும்தான் நாங்கள் விமானம் ஏறி வந்தோம். இங்கே ஆங்கிலேயருக்கு வைத்திருக்கிற உடல் எடைக் குறியீடு எங்களுக்குப் பொருந்தாது, தெற்காசியருக்கு 23இலேயே ஆபத்துத் தொடங்குகிறது என்று மருத்துவ வழிகாட்டிகள் தனியாக எழுதி வைத்திருக்கின்றன. எடைக்கு எங்களைத் தனியாகப் பார்க்கத் தெரிந்த இடத்தில், எங்கள் பெண்களின் எல்லைக்கோட்டு நம்பரை மட்டும் ரத்தசோகையைப் பாராமல் வாசிப்பது சரியோ?

இனி எங்கள் கை வைத்தியம். ரத்தம் ஊற என்ன சாப்பிட வேண்டும் என்று எந்த அன்ரியைக் கேட்டாலும் வருகிற பதில் பேரீச்சம்பழமும் பனங்கட்டியும். 100 கிராம் பேரீச்சம்பழத்தில் இருக்கிற இரும்பு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம். அதே 100 கிராமில் சீனி 60 கிராமுக்கு மேல். மாதவிடாய் நிற்காத ஒரு பெண்ணுக்கு இந்த நாட்டில் சொல்கிற ஒரு நாள் இரும்பு 14.8 மில்லிகிராம். அந்த இரும்பைப் பேரீச்சம்பழத்தில் எடுக்கப் போனால் ஒன்றரைக் கிலோ சாப்பிட வேண்டும். சீனி எங்கே நிற்கும்? இரும்பு குறைந்து, சீனியும் எல்லையில் நிற்கிற ஒருவருக்கு நாங்கள் அன்போடு கொடுப்பது இதைத்தான். முருங்கையிலை, பொன்னாங்காணி, பயறு, குரக்கன் நல்லது. ஆனால் இலைகுழையில் இருக்கிற இரும்பு லேசில் உடம்பில் சேராது. தேசிக்காய் பிழிந்து சாப்பிட்டால் கூடச் சேரும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் சேருகிறதும் சேராது. தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கள். நான் மனைவிக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு அக்கறையாக ஊற்றிக் கொடுத்த அந்தத் தேத்தண்ணியை இப்போது நினைத்தாலும் வெட்கம்தான்.

அப்படியானால் எல்லோரும் இரும்புக் குளிசை போட்டால் என்ன? இங்கேதான் கதை மற்றப் பக்கம் திரும்புகிறது. இரும்பு கூடினாலும் சீனி வருத்தத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது. உடம்புக்கு இரும்பை உள்ளே எடுக்கத்தான் தெரியும். மிஞ்சியதை வெளியே தள்ள நல்ல வழி இல்லை. மிஞ்சியது ஈரலிலும், இன்சுலின் சுரக்கிற கணையத்திலும் போய்ப் படியும். ஹீமோகுரோமற்றோசிஸ் என்று 1889இல் ஜெர்மனிய மருத்துவர் வொன் ரெக்லிங்ஹவுசன் பெயர் வைத்த பரம்பரை வருத்தம் அதுதான். தோல் கறுத்து, சீனியும் வருவதால் அதைப் பழைய டொக்டர்மார் வெண்கல நீரிழிவு என்று சொன்னார்கள். அது வட ஐரோப்பியரிடம் கூட, எங்களிடம் அரிது. எங்களுக்குக் கிட்டிய உதாரணம் தலசீமியா. சின்ன வயதில் இருந்து மாதா மாதம் ரத்தம் ஏற்றுகிற பிள்ளைகளுக்கு, ஏற்றிய ரத்தத்தின் இரும்பு கணையத்தில் சேர்ந்து நீரிழிவு வருவதுண்டு. அதனால்தான் அவர்களுக்கு இரும்பை வெளியேற்றுகிற மருந்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

இவை கடுமையான நிலைமைகள். சாதாரண ஆட்களுக்கு? 2004இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்கத் தாதியரைப் பல வருஷம் பின்தொடர்ந்த அந்த ஆய்வில், தொடக்கத்தில் ஃபெரிட்டின் கூடவாக இருந்த பெண்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பும் கூடவாக இருந்தது. 2024இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பல பத்தாண்டுச் சாப்பாட்டுக் கணக்கை வைத்துச் சொன்னார்கள்: இறைச்சி, மீன் வழியாக வருகிற இரும்பை ஆகக் கூடச் சாப்பிட்டவர்களுக்கு, ஆகக் குறையச் சாப்பிட்டவர்களைவிட ஆபத்து 26 சதவீதம் கூட. இலைகுழை, தானியத்தில் இருந்து வருகிற இரும்புக்கு அப்படியான தொடர்பு தெரியவில்லை. இரண்டும் தொடர்பைக் காட்டுகின்றன. இதுதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. ஃபெரிட்டின் என்பதும் குறும்பான நம்பர். கொழுப்பு ஈரல், மது, உடம்பில் எங்கேயாவது அழற்சி இருந்தாலும் அது ஏறும். வெள்ளிக்கிழமை இரவு விஸ்கியும் ஆட்டிறைச்சிப் பிரட்டலும், முன்னுக்கு வண்டியுமாக இருக்கிற எங்கள் ஆம்பிளையளின் ஃபெரிட்டின் கூடிக் காட்டினால், இரும்பைவிட ஈரலைத்தான் முதலில் பார்க்க வேண்டி வரும். எது எப்படியோ, இரும்புக் குறைவு என்று ரத்தம் பார்த்துச் சொல்லாமல் ஓர் ஆம்பிளை தன் பாட்டில் இரும்புக் குளிசை வாங்கிப் போட நியாயமே இல்லை. ஓர் ஆம்பிளைக்கு ஒரு நாளைக்கு 8.7 மில்லிகிராம் போதும். ஃபெரஸ் சல்ஃபேற் 200 மில்லிகிராம் குளிசை ஒன்றில் மட்டும் 65 மில்லிகிராம் இரும்பு.

அப்படித் தன் பாட்டில் வாங்கிப் போட்டவர் என் அண்ணை.

அண்ணைக்கு பதினாலு வருஷமாகச் சீனி. குறொய்டனில் இருந்தார். 2019 கோடையில் அவருக்கு 63 வயது. "டேய் தம்பி, படி ஏற ஏலாமல் கிடக்கு, காலெல்லாம் சோர்வு" என்றார். அண்ணி "சீனி கூடியிருக்கும்" என்றா. நானும் "சீனிக்காரருக்கு அப்பிடித்தான் அண்ணை, கொஞ்சம் நடவுங்கோ" என்றேன். சீனி வருத்தம் எங்கள் வீடுகளில் ஒரு குப்பைக் கூடை மாதிரி. என்ன சோர்வு வந்தாலும் அதற்குள் போட்டுவிடுவோம். யாரோ சினேகிதர் சொல்லி அண்ணை பாமசியில் இரும்புக் குளிசை வாங்கினார். மூன்று மாதம் போட்டார். சோர்வு குறைந்தது. "பாத்தியே, டொக்டரிட்டப் போகாமலே சரியாச்சு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஓர் ஆம்பிளைக்கு, அல்லது மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு, இரும்பு குறைகிறது என்றால் ரத்தம் எங்கேயோ கசிகிறது என்ற சந்தேகம் முதலில் வர வேண்டும். அநேகமாக அது வயிறு அல்லது குடல். சிலருக்கு அது குடற்புற்றுநோய். இரும்புக் குளிசை கசிவை நிறுத்தாது. கசிவின் அடையாளத்தை மறைக்கும். அண்ணைக்கு 2020 கடைசியில் கண்டுபிடித்தபோது அது ஈரலுக்குப் பரவியிருந்தது. 2021 மாசியில் போய்விட்டார். செத்தவீடு முடிந்து, அண்ணியின் கடுதாசிகளை ஒழுங்குபடுத்தும்போது மேசை லாச்சிக்குள் ஒரு கடித உறை கிடந்தது. குடற்புற்றுநோய்ச் சோதனைக்காக என்.எச்.எஸ். தபாலில் அனுப்புகிற பெட்டி. ஒரு குச்சி, ஒரு சின்னக் குழாய். உறை உடைக்கப்படவே இல்லை. "அதுக்குள்ள மலத்தை எடுத்து அனுப்பச் சொல்லுறாங்கள், ஆர் உதைச் செய்யிறது" என்று அண்ணை அதை உள்ளே போட்டதாக அண்ணி சொன்னா. அந்தச் சின்னக் குழாய் திரும்பிப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உறுதியாக என்னால் சொல்ல முடியாது. யோசிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சோர்வு என்றால் இரும்பு மட்டும் இல்லை. சீனிக்கு எங்களில் முக்கால்வாசிப் பேர் விழுங்குகிற மெற்ஃபோமின் குளிசை கனகாலம் போட்டால் பி12 விற்றமினைக் குறைக்கலாம். 2022இல் இந்த நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே டொக்டர்மாருக்கு இதை நினைவூட்டியது. பி12 குறைந்தாலும் ரத்தசோகை வரும், கால் விறைக்கும். அதையும் நாங்கள் "சீனியால வந்த விறைப்பு" என்று அதே கூடைக்குள் போட்டுவிடுவோம். அதற்காக மெற்ஃபோமினை நிறுத்தத் தேவையில்லை. பி12ஐப் பார்க்கச் சொல்லிக் கேட்டால் போதும்.

ஆக, நான் கேட்பது மூன்று விஷயம்.

முதலாவது, ஜீ.பி. டொக்டர்மாரிடம். எல்லோருக்கும் எல்லாப் பரிசோதனையும் செய்ய என்.எச்.எஸ்.இல் காசில்லை என்று சொல்வீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெற்காசியப் பெண் ஒருவர் எல்லைக்கோட்டு நம்பரோடு வந்தால், முழு ரத்தக் கணக்கையும் ஃபெரிட்டினையும் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதுங்கள். பலருக்கு முழு ரத்தக் கணக்கு ஏற்கெனவே எடுத்துத்தான் இருக்கும். அங்கே தேவைப்படுவது காசு இல்லை, இரண்டு வரியையும் சேர்த்து வாசிக்கிற ஒரு நிமிஷம்.

இரண்டாவது, எங்கள் கோயில்கள், ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்களிடம். வருஷத்துக்கு ஒருதரம் மண்டபத்தில் விரலில் குத்திச் சீனி பார்க்கிற முகாம் வைக்கிறீர்கள். நல்ல விஷயம். அதே மேசையில் ரத்தசோகை பற்றியும் நாலு வார்த்தை சொல்ல ஒரு தாதியை இருத்துங்கள். பெண்களுக்கு மட்டும் ஒரு மூலை வையுங்கள். அங்கே மாதவிடாய் பற்றி வெட்கப்படாமல் கேட்கட்டும். 50 முதல் 74 வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் தபாலில் வருகிற அந்தக் குழாயை எப்படிப் பாவிப்பது என்று தமிழில் ஒருவர் விளங்கப்படுத்தட்டும்.

மூன்றாவது, இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம். அம்மா அப்பாவின் டொக்டர் கடிதத்தை வாசித்துச் சொல்கிறவர்கள் நீங்கள்தான். அவர்களின் ஃபோனில் என்.எச்.எஸ். செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று வரி தேடுங்கள்: எச்.பி.ஏ.1.சி., ஹீமோகுளோபின், ஃபெரிட்டின். முதலாவது மட்டும் இருந்து மற்றவை இல்லை என்றால், அல்லது கீழே கிடந்தால், ஜீ.பி.யிடம் கேளுங்கள்: "இந்தச் சீனி நம்பரை நம்பலாமா? இரும்பு ஏன் குறைந்தது?" என்று. அப்பா கடையில் இரும்பு வாங்கி வந்தால், ஏன் என்று கேளுங்கள். அம்மா அரிசி மென்றால், சிரித்துவிட்டுப் போகாதீர்கள். என் வீட்டில் ஒருவரைக் காப்பாற்றியது படித்த அப்பன் இல்லை, கேள்வி கேட்ட மகள்.

மனைவி இப்போது சுகமாக இருக்கிறார். கட்டி இல்லை, ரத்தப்போக்கு இல்லை. போன மாதம் பார்த்தபோது அவருக்குச் சீனி 41. வயது போகப் போக அது ஏறும், அதற்குக் கவனமாகத்தான் இருக்கிறார். ஆனால் இம்முறை அந்த நம்பரை நாங்கள் தனியாக வாசிக்கவில்லை. ஹீமோகுளோபின் 128, ஃபெரிட்டின் 54 என்ற இரண்டு வரியும் பக்கத்தில் இருந்தன. அதனால் அந்த 41ஐ நம்பினோம்.

சனிக்கிழமை லண்டன் றோட்டில் என்னைக் கண்டால் வழமை மாதிரிச் சீனியை விசாரியுங்கள், பிழை இல்லை. நான் திருப்பி "இரும்பு பாத்தாச்சோ?" என்று கேட்பேன். அண்ணையிடம் கேட்காமல் விட்ட கேள்வி அது.